ஏஎஃப் நோயாளிக்கு ஆய்வு தேடித்தரும் கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப், இருப்பவர்கள் தங்களுக்குப் பொருந்தும் மருத்துவ ஆய்வு எங்காவது நடக்கிறதா என்று தேடினால் பெரும்பாலும் முதலில் போய் நிற்கும் இடம் கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2000-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பதிவேடு இது. கட்டணம் கிடையாது. தேடிப் படிக்கக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. எந்த நாட்டில் நடக்கும் ஆய்வையும் இதில் பதியலாம். 2024 ஜூனில் பழைய தளத்தை மூடிவிட்டுப் புதிய வடிவத்துக்கு முழுதாக மாறினார்கள்.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏஎஃப் பற்றி யார் எந்தக் கேள்வியை ஆராய்கிறார்கள் என்று பார்க்க இதைவிடத் தெளிவான இடம் இல்லை. "எனக்கு இடம் கிடைக்குமா, சேர்ந்தால் என் அன்றாடம் எப்படி இருக்கும், ஆய்வு முடிந்தபின் என்ன ஆவேன்" என்று கேட்டால் பாதிக் கிணறுதான் தாண்ட வைக்கும். மீதிப் பாதியை ஆய்வு மையத்துக்கு போன் செய்து, கேள்வி கேட்டுத்தான் தாண்ட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு ஆய்வுக்கும் என்சிடி என்று தொடங்கி எட்டு இலக்கத்தில் ஓர் எண் தருவார்கள். அந்த எண் இருப்பதாலேயே ஆய்வு பாதுகாப்பானது என்றோ, அரசு சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தது என்றோ ஆகாது. தளமே இதை எழுதி வைத்திருக்கிறது. வண்டியின் நம்பர் பலகை மாதிரி அது: வண்டியை அடையாளம் காட்டும், பிரேக் பிடிக்குமா என்று சொல்லாது. நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறதா என்பதை மையத்திடமே கேட்க வேண்டும்.

தேடல்: நன்று, ஒரு குழி தவிர

முகப்பில் நான்கு பெட்டிகள்: நோய், பிற சொற்கள், சிகிச்சை, இடம். நோய்ப் பெட்டியில் ஆங்கிலத்தில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று தட்டினால், அதே பொருள் தரும் வேறு சொற்களையும் தளமே சேர்த்துத் தேடுகிறது. அதனால் பட்டியல் மிக நீளமாக வரும். இதய அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் மட்டும் வரும் ஏஎஃப், ஐசியுவில் கிருமித்தொற்றோடு வரும் ஏஎஃப் என எல்லாம் ஒன்றாகக் கொட்டும். வருடக்கணக்கில் ஏஎஃப்போடு வாழ்கிறவருக்கு இவற்றில் பல ஒத்துவராது. இப்போது ஆள் சேர்க்கும் ஆய்வுகள் மட்டும் என்று முதலில் வடிகட்டுங்கள். பிறகு இடத்தையும் தூரத்தையும் கொடுங்கள். வயது வரம்பையும் போட்டால் பட்டியல் படிக்கிற அளவுக்கு இறங்கும்.

குழி எங்கே என்றால், கட்டம் என்கிற வடிகட்டியில். "மூன்றாம் கட்டம் என்றால் ஓரளவு தேறிய மருந்து, அதை மட்டும் பார்ப்போம்" என்று பலர் அதைத் தேர்வு செய்கிறார்கள். ஆனால் கட்டம் 1, 2, 3, 4 என்ற எண்கள் மருந்து ஆய்வுகளுக்கானவை. அப்லேஷன் (துடிப்பைக் குலைக்கும் இதயத் திசுவைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை), மேலறையின் பக்கப் பையை அடைக்கும் கருவி, ஒட்டும் இசிஜி பேட்ச், கைக்கடிகாரம், எடைக் குறைப்புப் பயிற்சி போன்ற ஆய்வுகளில் அந்த இடத்தில் "பொருந்தாது" என்றே இருக்கும். மூன்றாம் கட்டத்தை டிக் செய்த நொடியில் அத்தனையும் பட்டியலிலிருந்து காணாமல் போகும். ஏஎஃப்பில் இன்று நடக்கும் சுவாரசியமான வேலைகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. கட்டத்தைத் தொடாமல் விடுங்கள். அதற்குப் பதில் ஆய்வு வகையில், சிகிச்சை கொடுத்துப் பார்ப்பதா, வெறுமனே கவனித்துப் பதிவதா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தேடுமுன் கையில் இருக்க வேண்டியவை

தளம் இதைச் சொல்வதில்லை, அதனால்தான் பலர் பத்து ஆய்வுகளுக்கு போன் செய்து பத்திலும் ஏமாறுகிறார்கள். ஏஎஃப் ஆய்வுகளின் தகுதி நிபந்தனைகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதே சில எண்களைத்தான் கேட்கின்றன.

முதலாவது, உங்கள் ஏஎஃப் எந்த வகை. ஏழு நாட்களுக்குள் தானாகவோ சிகிச்சையாலோ அடங்குவது வந்துபோகும் வகை. ஏழு நாட்களைத் தாண்டினால் நீடிக்கும் வகை. பன்னிரண்டு மாதம் தாண்டினால் நெடுநாள் நீடிக்கும் வகை. இனி சீர்துடிப்புக்கு முயல்வதில்லை என்று மருத்துவரும் நோயாளியும் ஒப்புக்கொண்டால் நிரந்தர வகை. அப்லேஷன் ஆய்வுகள் பல முதல் வகையை மட்டும் கேட்கும், சில இரண்டாம் வகையை மட்டும். இதை நிரூபிக்கும் இசிஜி தாள் தேவைப்படும். "டாக்டர் சொன்னார்" போதாது.

இரண்டாவது எக்கோ, அதாவது இதய ஸ்கேன் ரிப்போர்ட். அதில் மூன்று வரிகள் முக்கியம்: இடது மேலறையின் அளவு, இதயம் ரத்தத்தை வெளியேற்றும் சதவீதம், மைட்ரல் வால்வின் நிலை. மேலறை மிகவும் விரிந்திருந்தால் அப்லேஷன் ஆய்வுகள் கதவை மூடிவிடும்.

மூன்றாவது பக்கவாத அபாய மதிப்பெண், சாட்ஸ்-வாஸ்க். இதய பலவீனம், ரத்த அழுத்தம், நீரிழிவு, ரத்தக்குழாய் நோய் ஒவ்வொன்றுக்கும் 1; 65 முதல் 74 வயதுக்கு 1; 75 ஆனால் 2; முன்பு பக்கவாதம் வந்திருந்தால் 2; பெண் என்றால் 1. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டி, பெண் என்பதற்கான அந்த ஒன்றை எடுத்துவிட்ட வடிவத்தைப் பயன்படுத்துகிறது. ஆகவே ஒரே பெண்மணிக்கு ஓர் ஆய்வில் 3, இன்னொன்றில் 2 வரும். நிபந்தனையில் எந்த வடிவம் என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

நான்காவது சிறுநீரகம். இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள், கொஞ்சம் நின்று பார்ப்போம். 78 வயது, 52 கிலோ எடை, க்ரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ரத்தக் கழிவு) 1.3 உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். லேப் ரிப்போர்ட்டில், சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இ-ஜிஎஃப்ஆர் என்ற இடத்தில் சுமார் 42 என்று அச்சாகும். ஆய்வின் நிபந்தனை "30-க்குக் குறையக் கூடாது". சரி, தேறிவிட்டோம் என்று நினைப்பார். ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஆய்வுகள் வழக்கமாகப் பயன்படுத்துவது காக்ராஃப்ட்-கால்ட் என்ற பழைய கணக்கை. 140-லிருந்து வயதைக் கழித்தால் 62. எடையால் பெருக்கினால் 3,224. க்ரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வரும் 93.6-ஆல் வகுத்தால் 34.4. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க, வருவது 29.3. ஒரு புள்ளிகூட இல்லாத வித்தியாசத்தில் வெளியே. லேப் கணக்கில் உடல் எடை சேர்வதில்லை, இதில் சேர்கிறது, அதுதான் காரணம். ஒல்லியான முதியவர்கள் இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

ஐந்தாவது மருந்துப் பட்டியல், தொடங்கிய தேதியும் நிறுத்திய தேதியும் சேர்த்து. குறிப்பாக, துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன். அது கொழுப்பில் தங்கி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் உடம்பைவிட்டுப் போகாது. அதனால் துடிப்பைச் சீராக்கும் மருந்து ஆய்வுகள் "நிறுத்தி இத்தனை வாரம் ஆகியிருக்க வேண்டும்" என்று கேட்கும். ஆய்வில் சேர்வதற்காக நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், முக்கியமாக ரத்த மெலிப்பு மாத்திரையை.

தகுதிப் பகுதி: படிக்கக் கடினம், ஆனால் காரணம் இருக்கிறது

சேர்க்கும் நிபந்தனை, விலக்கும் நிபந்தனை என இரண்டு பட்டியல்கள். நோயாளிகள் முதல் பட்டியலைப் படித்துவிட்டு போனை எடுக்கிறார்கள். விலக்கும் பட்டியலிலிருந்து தொடங்குங்கள், பாதி நேரம் மிச்சமாகும்.

விலக்குகள் ஆராய்ச்சியாளர்களின் பிடிவாதம் போலத் தோன்றும். சிலவற்றின் பின்னால் கசப்பான அனுபவம் இருக்கிறது. செயற்கை உலோக வால்வு உள்ளவர்களுக்கு டபிகாட்ரான் என்ற புதிய ரத்த மெலிப்பு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ரீ-அலைன் ஆய்வில் ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் இரண்டுமே பழைய ரத்த மெலிப்பு மருந்தான வார்ஃபரின் பிரிவைவிட அதிகமாகி, 2012-ல் பாதியில் நிறுத்தினார்கள். அதனால்தான் அந்த வால்வு என்றாலே கதவடைப்பு.

விலக்கு இன்னொரு விதத்திலும் வேலை செய்கிறது. புதிய ரத்த மெலிப்பு மாத்திரைகளை நிலைநாட்டிய பெரிய ஆய்வுகள் நான்கு: 2009-ல் 18,113 பேரோடு ரீ-லை, 2011-ல் 14,264 பேரோடு ராக்கெட் ஏஎஃப், அதே ஆண்டு 18,201 பேரோடு அரிஸ்டாட்டில், 2013-ல் 21,105 பேரோடு என்கேஜ் ஏஎஃப். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கு இவற்றில் இடமில்லை. அவர்களுக்கென்று 4,500-க்கு மேற்பட்டவர்களோடு நடந்த இன்விக்டஸ் ஆய்வின் முடிவு 2022-ல்தான் வந்தது. அதில் புதிய மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களிடையே மரணம் குறைவு. எதிர்பார்ப்புக்கு நேர்மாறு. ஆக, நீங்கள் விலக்கப்பட்ட ஆய்வின் முடிவை உங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பயன்பாட்டுக்காகவே, ஆய்வில் சேரும் எண்ணம் இல்லாதவர்கள்கூட இந்தப் பகுதியைப் படிக்கலாம்.

எதை அளக்கிறார்கள்: தளத்தின் சிறந்த பகுதி

ஆய்வுத் திட்டம் என்ற தலைப்பின் கீழே முதன்மை அளவீடு எது, எத்தனை மாதத்தில் பார்க்கிறார்கள் என்று இருக்கும். விளம்பரத்தில் "ஏஎஃப்பைக் குணமாக்குகிறதா என்று பார்க்கிறோம்" என்பார்கள். இங்கே வந்தால்தான் குணம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பது தெரியும்.

அப்லேஷன் ஆய்வுகளில் வழக்கமான அளவுகோல், 30 விநாடிக்கு மேல் நீடிக்கும் ஏஎஃப் ஒருமுறை பதிவானாலும் தோல்வி என்பது. வாரத்தில் பத்து மணி நேரம் படபடப்போடு கிடந்தவர் சிகிச்சைக்குப் பின் ஓராண்டில் 40 விநாடி மட்டும் தடுமாறினால், அவரும் தோல்விக் கணக்கில்தான் சேர்வார். கேட்டால் "எனக்கு மறுபிறவி" என்பார். புதிய ஆய்வுகள் சிலவற்றில் மொத்த நேரத்தில் எத்தனை பங்கு ஏஎஃப்பில் கழிந்தது என்று அளக்கிறார்கள். நோயாளியின் பார்வையில் அது நேர்மையான அளவு.

சிகிச்சை முடிந்த முதல் சில வாரங்களில் வரும் ஏஎஃப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுவார்கள், காயம் ஆறும் காலம் என்று. நெடுநாளாக அது மூன்று மாதம். 2024-ல் வந்த சர்வதேச நிபுணர் ஒப்பந்தம் அதை எட்டு வாரமாகக் குறைத்தது. இரண்டு ஆய்வுகளின் வெற்றிச் சதவீதத்தை ஒப்பிடுமுன் இந்த எண்ணைப் பாருங்கள்.

எவ்வளவு உற்றுப் பார்க்கிறார்கள் என்பதும் விடையை மாற்றும். உடலில் பதிக்கும் ரெக்கார்டரைக் கொண்டு 6,004 பேரிடம் நடந்த லூப் ஆய்வில், கருவி வைத்தவர்களில் 31.8 சதவீதம் பேருக்கு ஏஎஃப் தெரியவந்தது, வழக்கமான கவனிப்பில் 12.2 சதவீதம். அத்தனை கண்டுபிடித்தும் பக்கவாதம் குறிப்பிடும்படி குறையவில்லை. இன்னொரு கோடியில் 24 மணி நேர ஹோல்டர், அதாவது உடம்பில் மாட்டிக்கொள்ளும் இசிஜி கருவி. வந்துபோகும் ஏஎஃப்பை அது எளிதாகத் தவறவிடும்.

யாருக்கு என்ன சிகிச்சை என்பதை மறைத்தார்களா என்ற வரியையும் விட்டுவிட வேண்டாம். அரிஸ்டாட்டிலில் எல்லோருக்கும் இரண்டு வகை மாத்திரை கொடுத்தார்கள். இரண்டில் ஒன்று போலி. ராக்கெட் ஏஎஃப்பில் வார்ஃபரின் எடுக்காதவருக்கும் போலி ஐஎன்ஆர் எண் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற அளவு) காட்டி மருந்தளவை மாற்றுவதாக நடித்தார்கள். அப்லேஷனில் அப்படி மறைப்பது அபூர்வம். 126 பேரோடு நடந்து 2024-ல் வெளியான ஷாம்-பிவிஐ அந்த அபூர்வங்களில் ஒன்று: ஒரு பிரிவுக்குப் போலிச் சிகிச்சை. நிஜ அப்லேஷன் பெற்றவர்களுக்கே ஏஎஃப் நேரமும் தொந்தரவும் அதிகம் குறைந்தன. மறைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அப்லேஷனையும் மருந்தையும் 2,204 பேரிடம் ஒப்பிட்ட கபானா ஆய்வு பாடம். மருந்துப் பிரிவில் விழுந்தவர்களில் 27.5 சதவீதம் பேர் பிறகு அப்லேஷனுக்கு மாறிவிட்டார்கள். அப்லேஷன் பிரிவில் 9.2 சதவீதம் பேர் அதைச் செய்துகொள்ளவே இல்லை. 2019-ல் வந்த முதன்மை முடிவில் வித்தியாசம் தெரியவில்லை, இதை இன்றும் விவாதிக்கிறார்கள். குலுக்கலில் பிடிக்காத பிரிவு விழுந்தால் மாறிவிடலாம் என்று நினைத்துச் சேர்கிறவர், சேராமலிருப்பது எல்லோருக்கும் நல்லது. விலகும் உரிமை எப்போதும் உண்டு, அது வேறு.

நிலையும் தேதியும்

இங்கே தளம் நம்மைச் சற்று ஏமாற்றும். "ஆள் சேர்க்கிறது" என்று பச்சையாகக் காட்டும் ஆய்வில் உங்கள் அருகிலுள்ள மையம் மட்டும் சேர்ப்பதை முடித்திருக்கலாம். மையங்களின் பட்டியலில் ஒவ்வொன்றின் நிலையையும் தனியாகப் பாருங்கள். கடைசியாகத் திருத்திய தேதி பல மாதம் பழையது என்றால் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். முடியும் தேதி தாண்டி, இரண்டு ஆண்டுக்கு மேல் யாரும் சரிபார்க்காத ஆய்வைத் தளமே "நிலை தெரியவில்லை" என்று மாற்றிவிடும்.

பலர் திறக்காத தாவல் ஒன்று உண்டு: பதிவின் வரலாறு. முதல் நாள் முதல் இன்றுவரை செய்த ஒவ்வொரு திருத்தமும் அங்கே கிடக்கும், இரண்டு தேதிகளை அருகருகே வைத்து ஒப்பிடலாம். முதன்மை அளவீடு நடுவில் மாறியிருக்கிறதா, 1,000 பேர் என்று தொடங்கியது 400 ஆகச் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். தளத்துக்கு எங்கள் முழு மதிப்பெண் இதற்குத்தான்.

முடிவுகள் தாவல் அவ்வளவு ஒழுங்கில்லை. சட்டத்துக்கு உட்பட்ட ஆய்வுகள் முதன்மைத் தரவு முடிந்து ஓராண்டுக்குள் முடிவைப் பதிய வேண்டும் என்கிறது 2007-ன் அமெரிக்கச் சட்டம். நடைமுறையில் வெறுமையாகக் கிடக்கும் பக்கங்கள் ஏராளம். முடிவு இருந்தால், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எதனால் விலகினார்கள் என்ற அட்டவணையை முதலில் பாருங்கள். கைக்கடிகாரம் கொண்டு 4,19,297 பேரோடு நடந்து 2019-ல் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில் 2,161 பேருக்குத்தான் ஒழுங்கற்ற துடிப்பு என்று எச்சரிக்கை போனது. அவர்களில், உறுதிசெய்யத் தரும் இசிஜி பேட்ச் ஆராயத்தக்க நிலையில் திரும்பி வந்தது 450 பேரிடமிருந்து. அந்த 450 பேரில் 34 சதவீதத்துக்கு ஏஎஃப். அந்த 34-ஐ மட்டும் படித்தால் மற்ற 1,711 பேர் எங்கே போனார்கள் என்ற கேள்வியே எழாது. பேட்ச் கொடுத்தால் ஒட்டிக்கொண்டு, காலம் முடிந்ததும் தபாலில் அனுப்பிவிடுங்கள். அலமாரியில் கிடக்கும் பேட்ச் யாருக்கும் உதவாது.

பக்கத்தில் இல்லாதவை

எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம், பயணச் செலவு யார் தருவது, பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது: பெரும்பாலும் எதுவும் இருக்காது. இவை சம்மதப் படிவத்தில் வரும். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கக் கேளுங்கள். அங்கேயே கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்தும் மையத்தைத் தவிர்க்கலாம். ஆய்வுக்கென்றே செய்யும் எந்தப் பரிசோதனையும் கையெழுத்துக்குப் பிறகுதான் நடக்க வேண்டும்.

மாத்திரை ஆய்வு என்றால் இரண்டு விஷயங்களை அழுத்திக் கேளுங்கள். வேறு ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேர்க்க நேர்ந்தால், நீங்கள் எடுப்பது எது என்று அந்த டாக்டர் இரவு இரண்டு மணிக்கும் அழைத்து அறிய எண் உண்டா? அது அச்சான அட்டை எப்போதும் பர்சில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வு மாத்திரையின் மேலேயே இன்னொரு ரத்த மெலிப்பு மருந்து ஏறிவிடும். மீந்த மாத்திரைகளை டப்பாவோடு கொண்டுவரச் சொல்வார்கள், எண்ணிப் பார்ப்பதற்காக. வெட்கப்பட்டு குப்பையில் போட்டுவிட்டு வராதீர்கள். விட்டுப்போன மாத்திரைகளும் அவர்களுக்குத் தேவையான தகவல்தான்.

இரண்டாவது கேள்வி, ஆய்வு முடியும் நாள் பற்றியது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. ராக்கெட் ஏஎஃப் முடிந்து எல்லோரும் வழக்கமான மருந்துக்கு மாறியபோது, ரிவராக்ஸபான் பிரிவிலிருந்து வார்ஃபரினுக்குப் போனவர்களிடம் பக்கவாதம் கூடுதலாக வந்தது. வார்ஃபரின் சரியான அளவுக்கு ஏற நாட்கள் பிடிக்கும். பழைய மாத்திரையின் பாதுகாப்போ ஓரிரு நாளில் போய்விடும். இடைப்பட்ட நாட்களில் காப்பு இல்லை. அதைப் பார்த்த என்கேஜ் ஏஎஃப் குழு 14 நாளுக்கான தனி மாத்திரைப் பெட்டியும் அடிக்கடி ஐஎன்ஆர் பரிசோதனையும் வைத்து அந்த இடைவெளியை அடைத்தது. ஆய்வு திடீரெனவும் முடியலாம்: 14,810 பேரோடு நடந்த ஓஷியானிக்-ஏஎஃப்பை 2023 நவம்பரில் நிறுத்தினார்கள், சோதனை மருந்தான அசுண்டெக்சியன் பிரிவில் பக்கவாதமோ பிற ரத்தக்கட்டி அடைப்போ வந்தவர்கள் 1.3 சதவீதம், ஏற்கெனவே வழக்கத்திலுள்ள அபிக்ஸபான் மாத்திரையில் 0.4. அப்படி ஒரு போன் வந்தால், அன்றைக்கு இரவு எந்த மாத்திரை போடுவது, அதை யார் தருவது என்பதற்கு மையத்திடம் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்பே அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.